செல்வராஜின் நீலக் கவரால்

1

போன வாரம் மதுரையிலிருந்து என் தோழி சுதா ஒரு படத்தை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பியிருந்தாள். விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் செருகி வைத்திருப்பார்களே, யாரும் முழுசாகப் படிக்காத ஒரு பளபளப்புப் பத்திரிகை, அதில் வந்த படம். அபுதாபியில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடம். சுவர் உயரத்துக்குத் தொங்கும் நீலத் திரை. எட்ட நின்றால் கடல் மாதிரி இருக்கும். கிட்டப் போனால்தான் தெரியும், அத்தனையும் வேலைக்காரர்கள் உடுத்திக் கிழித்த துணி. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: பெயர் தெரியாத தொழிலாளர்களின் பழைய உடுப்புகளில் செய்தது.

"இது நீ வேலை பார்த்ததுதானேடி? சட்டம் போட்டு மாட்ட வேண்டியதுதானே!" என்று எழுதியிருந்தாள் சுதா.

மாட்டவில்லை. அந்தப் பெயர் தெரியாதவர்களில் ஒருவருடைய பெயர் எனக்குத் தெரியும். செல்வராஜ். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய உடுப்பைக் கேட்டு அவர் அண்ணன் என்னைத் தேடி வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. சுதாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மெயிலில் அடங்கவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2

இங்கே நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். காலையில் அத்தான் என்னை முசஃபாவில் இறக்கிவிட்டுவிட்டுத் தன் ஆபீசுக்குப் போவார். முசஃபா என்றால் பட்டறைகள், கராஜ்கள், லேபர் கேம்ப்புகள். அவற்றுக்கு நடுவே எங்கள் கம்பெனியின் தகரக் கொட்டகை. ஹோட்டல்களுக்கும் கண்காட்சிகளுக்கும் உள் அலங்காரம் செய்து கொடுப்போம். பெரும்பாலும் இல்லாததை இருப்பதாகக் காட்டும் வேலை. பிளைவுட்டைப் பளிங்காக்குவோம், தெர்மகோலைப் பேரீச்சை மரமாக்குவோம். ஐந்து வருஷம் டிசைன் படித்தது இதற்குத்தானா என்று நான் பொருமிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹருகா வந்து சேர்ந்தார்.

ஹருகாவுக்கு ஓசாகாவில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. நாற்பதை நெருங்கும் வயது, கட்டையாக வெட்டிய முடி, காதில் எப்போதும் ஒரு பென்சில். ஜப்பானின் பழைய கைவினைகளை இன்றைய டிசைனர்கள் புதிதாகச் செய்து தர வேண்டும், மூலப்பொருள் எல்லாம் இந்த ஊரே வீசி எறிந்ததாக இருக்க வேண்டும். ஹோட்டல்காரர்கள் கேட்டது அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் பத்திரிகைகளிலிருந்து வெட்டி வெட்டிச் சேர்த்து வைத்திருந்த உலகம் எங்கள் தகரக் கொட்டகைக்குள் நடந்து வந்துவிட்டது.

ஹருகாவோடு வந்த ஒருவர், மூங்கில் கூடை பின்னுகிற முறையில், அட்டைப்பெட்டி கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவால் ஆளுயர விளக்குகள் பின்னினார். இன்னொருவர் உடைந்த கிளாஸ்களை அரக்கில் ஒட்டி, ஒட்டின கீறலில் தங்கப் பொடி பூசினார். அதற்காக நான் கஃபெட்டீரியா கஃபெட்டீரியாவாக ஏறி, பால் விடாத சுலைமானி டீ குடிக்கிற கிளாஸில் உடைந்ததைக் கேட்டேன். "பொட்டிய கிளாஸோ? அய்யோ மோளே, எத்ர வேணும்?" என்று ஒரு சேட்டன் ஒரு வாளியையே தூக்கி வைத்தார்.

ஹருகாவின் பங்கு, போரோ. ஜப்பானின் வடக்கே குளிர் கொல்லும் ஊர்களில், பருத்திக்கு வழியில்லாத குடியானவர்கள் கிடைத்த நீலக் கந்தலை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து உடுத்தினார்கள். அம்மா தைத்ததன் மேல் மகள் தைப்பாள், அதன் மேல் அவள் மகள். அந்தக் கந்தலுக்குப் பெயர்தான் போரோ. ஒரு காலத்தில் வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததை இன்று மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

"இந்த ஊரின் போரோ எது?" என்று ஹருகா கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஷிப்ட் முடிந்த பஸ் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அத்தனை பேரும் நீலக் கவரால். சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த அந்த வேலை உடுப்பைத்தான் இங்கே கவரால் என்பார்கள். நான் கையை மட்டும் நீட்டிக் காட்டினேன்.

அன்று எனக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் பாத்திரக்காரர் ஞாபகம் வந்தது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர். துணியை வெயிலில் விரித்துக் கிழிசல் தேடுவார். அம்மா கிழிசலை உள்ளே மடித்துப் போட்டுவிட்டு, "புதுசு மாதிரி இருக்கு, இதுக்குப் போய் ஒரு டம்ளரா?" என்று சண்டை பிடிப்பாள். ஆனால் சித்தப்பா இறந்தபோது, அவருடைய நல்ல சட்டைகளைக்கூட அம்மா அந்த மூட்டையில் சேர்க்கவில்லை. இறந்தவர் துணி வீட்டில் தங்கக் கூடாது, விலைக்கும் போகக் கூடாது என்று அன்றைக்கே வெளியே கொடுத்தனுப்பிவிட்டாள். கிழிசலைத் தேடி எடுத்து நடுவில் வைக்கும் ஒருத்தியைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னேன். "அவளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

3

கேம்ப் வாசலில் சாக்குகளைக் கட்டினோம். தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டினோம்: பழைய கவராலைப் போடுங்கள், புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் கான் பாய் என்னை உள்ளே விடவில்லை. "லேடீஸ் அந்தர் மாஃபி" என்று ஒரு நாற்காலியை மட்டும் நிழலில் போட்டார். மாஃபி என்றால் இங்கே எல்லோர் வாயிலும் ‘இல்லை’, ‘கூடாது’. நான் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"கிழிஞ்சதுதான் வேணுமா தங்கச்சி?"

"ஆமாண்ணே, கிழிஞ்சிருந்தா ரொம்ப நல்லது."

"அப்ப எங்களையே அள்ளிட்டுப் போயிருங்க."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "பாத்திரம் குடுப்பீங்களா?" என்று கத்தினார். அந்த ஒரு சத்தத்தில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை எல்லாம் கேம்ப் வாசலுக்கு வந்துவிட்டன.

சில சாக்குகளை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால்கனியில் பிரித்தேன். அக்கா மகள் ஹரிணிக்கு ஆறு வயது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, தட்ஸ் சோ டர்ட்டி. ஹூ வேர்ஸ் திஸ்?" என்றாள். தினமும் அவள் ஸ்கூல் வேனுக்குப் பக்கத்திலேயே அந்தப் பஸ்களும் சிக்னலில் நிற்கின்றன. "நீ பார்க்கிறவங்கதாண்டா" என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "நோ, ஐ டோண்ட்" என்றாள். பொய் சொல்லவில்லை, பாவம்.

எல்லாவற்றையும் லாண்டரியில் போட்டு மூன்று முறை வெந்நீரில் அலசி எடுத்தோம். ஹருகா கத்தரிக்கோலைத் தொடமாட்டார். தையலை மட்டும் பிரித்து, துணியைக் கூறு போடாமல் அப்படியே விரித்து, ஒன்றோடு ஒன்றை வெள்ளை நூலால் கோத்துக்கொண்டே போவார். ஒருநாள் அவர் கை ஒரு கவராலில் நின்றுவிட்டது. முழங்காலில் பெரிய கிழிசல். அதைத் தைத்திருந்தது நூலால் அல்ல, தூண்டில் நரம்பால். மீன் பிடிக்கிற அந்தக் கண்ணாடி நரம்பு. நெருக்கமாக, சீராக, குறுக்கும் நெடுக்குமாக, எலும்பில் கட்டுப் போட்ட மாதிரி.

"இதைச் செய்தவரை நான் பார்க்க முடியுமா?" என்றார் ஹருகா.

"சாக்கில் வந்தது. யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

அவர் அந்தக் கவராலைத் திரையின் நடுவில், பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வைத்துத் தைத்தார்.

4

முருகேசன் அண்ணன் வந்தது ஒரு சாயங்காலம். முசஃபாவிலேயே வேறு பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் கொட்டகைக்குள் கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார்.

"மேடம், கவரால் வாங்குனது நீங்கதானா?"

"ஆமாண்ணே. புதுசு வரலையா உங்களுக்கு?"

"எனக்கில்ல மேடம். எந்தம்பி துணி ஒண்ணு உங்க சாக்குல வந்துருச்சு."

தம்பி செல்வராஜுக்கு, கடலில் மண் தோண்டித் தீவு போடும் ஒரு பார்ஜில் வேலை. ஒருநாள் மாலை டீக் குடிக்கும்போது இருந்தவர், தலை எண்ணும்போது இல்லை. படகுகள் போட்டுத் தேடினார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

கேம்ப்பில் அவரோடு அறையில் இருந்தவர்கள் எல்லாம் நம் பக்கத்துக்காரர்கள். தேடுதலை நிறுத்தியதும், அவர்கள் ஊர் முறைப்படி செய்தார்கள். இறந்தவர் துணியை அறையில் வைக்கக் கூடாதென்று அன்றைக்கே பெட்டியைக் காலி செய்து, கைலியையும் சட்டைகளையும் குப்பை வண்டியில் போட்டார்கள். அவர் அன்று உடுத்தாமல் அறையில் விட்டுப்போயிருந்த கவரால் மட்டும், பக்கத்திலேயே தொங்கிய எங்கள் சாக்குக்குள் போயிற்று. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது துடைத்து வைத்த பெட்டிதான் இருந்தது.

"அவனுகளைக் குத்தம் சொல்ல முடியாது மேடம். நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா உடம்பு இருந்தாத்தானே அந்த முறை? உடம்பு இல்லேன்னா துணிதானே உடம்பு?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். உடல் கிடைக்காதவருக்கு ஊரில் வைக்கோலும் தர்ப்பையும் வைத்து ஓர் உருவம் கட்டுவார்கள். அதற்கு அவர் உடுத்தின துணியைப் போர்த்தித்தான் கொள்ளி வைப்பார்கள். புதுத்துணி ஆகாது. அதிலும் தம்பி மனைவி வளர்மதி ஒரே பிடியாக நிற்கிறாள். அவுக உடம்புல கெடந்த துணியைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன், அதுவரைக்கும் யாரும் ஒப்பாரி வைக்கக் கூடாது, என் தாலியைப் பத்திப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"கம்பெனியில் பேப்பர் எதுவும் தரலையா?"

"விசா, பேப்பரெல்லாம் பாக்குற பிஆர்ஓட்ட நடையா நடந்துட்டேன். பாடி மாஃபி, அப்ப சாவு சர்டிபிகேட்டும் மாஃபிங்கிறான். ஆனா விசாவை முடிக்கணும்ல? அதுக்கு என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ஓடிப்போயிட்டான்னு." சிரிக்க முயன்றார். "கடலுக்குள்ள எங்க மேடம் ஓடுவான், நீச்சல்கூடத் தெரியாது."

துணியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "முழங்கால்ல நரம்பு போட்டுத் தச்சிருப்பான். கொக்கி மாட்டிக் கிழிஞ்சது. ஏன்டா, மீனுக்குப் போடுற நரம்பை உனக்கே போட்டுக்கிட்டியான்னு அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் கேலி பண்ணிட்டு வந்தேன். உப்புத் தண்ணில நூலு தாங்காதுண்ணேன்னான். கையெல்லாம் அவ்வளவு பக்குவம் மேடம், ரூம்ல பாதிப் பேருக்கு அவன்தான் தைப்பான்."

அவருக்குப் பின்னால்தான் திரை தொங்கிக்கொண்டிருந்தது. என் கண் போன பக்கம் அவர் திரும்பினார். கிட்டப் போனார். முழங்கால் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, அப்படியே நின்றார்.

5

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எங்கள் மேனேஜர் பிஜு சார் கொச்சிக்காரர், நல்லவர், ஆனால் தேதி என்றால் பேய். "கயலே, நீ எந்தா பறயுன்னே? சென்டர் பீஸைப் பிரிக்கணுமா? ஹோட்டல்காரன் என்னைப் பிரிச்சிருவான்!" என்றார்.

நான் ஹருகாவிடம் போனேன். முழுவதும் கேட்டார். உடனே தந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அவர் மனைவி அதை என்ன செய்வார்?"

"எரிப்பார்கள்."

அவர் முகம் சுருங்கியது. "இது இங்கே இருந்தால் எத்தனையோ வருஷம் இருக்கும். கடந்து போகிற ஒவ்வொருவரும் அந்த மனிதரின் கையைப் பார்ப்பார்கள். எரித்துவிட்டால் அவர் இருந்ததற்கு என்ன மிச்சம்? கயல், நீயே சொல், எரிப்பது சரியா?"

படித்ததெல்லாம் ஹருகாவின் பக்கம் பேசியது. காப்பாற்று, காட்சிக்கு வை, உலகம் பார்க்கட்டும். ஆனால் திரையில் கைவைத்து நின்ற அந்த முதுகும் என் கண்ணில் இருந்தது.

"அவர் இருந்தார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை" என்றேன். "இல்லை என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. கம்பெனியும் சொல்லாது, சாவு சர்டிபிகேட்டும் வராது. அந்தத் துணி ஒன்றுதான் சொல்லும்."

ஹருகா கொஞ்ச நேரம் ஜப்பானிய மொழியில் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டார். பிறகு மேஜை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கினார். உதவ நீட்டிய என் கையை மெல்லத் தள்ளினார். தன் வெள்ளை நூல் ஒவ்வொன்றையும் ஊசி முனையால் தூக்கித் தூக்கி எடுத்தார். நரம்புத் தையலைத் தொடவில்லை. "என் தையலை மட்டும்தான் நான் பிரிக்கலாம்" என்றார். பிரித்து எடுத்ததைப் பழையபடி கை, கால், காலர் சேர்த்துக் கவராலாகவே தைத்து, பிரவுன் பேப்பரில் மடித்து இரண்டு கைகளாலும் நீட்டினார். திரையின் நடுவில் வேறொரு கவரால் போயிற்று. திறப்பு விழாவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வெளியே நின்ற முருகேசன் அண்ணன் பொட்டலத்தை வாங்கவில்லை. "நான் எங்க தங்கச்சி போறது? மொதலாளி, எங்க கஃபீல், லீவு தரமாட்டேங்கிறான்." மேடம் எப்போது தங்கச்சி ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. எனக்கு வருடாந்திர லீவு பாக்கி இருந்தது. மதுரைக்கு டிக்கெட் போட்டேன்.

6

மதுரையிலிருந்து பஸ். அம்மா வாசல்வரை வந்து, "சாவு துணியைக் கையில வச்சுக்கிட்டு எங்கேயும் சாப்பிடாதடி" என்று சொல்லி அனுப்பினாள். முதுகுளத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. இருபக்கமும் கருவேலம். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஊர். அங்கிருந்து ஒருவர் கடலில் போய் முடிந்திருக்கிறார்.

வாசலில் பந்தல் போடவில்லை. பாயில் வைக்கோல் உருவம் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் செல்வராஜின் அப்பா, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், அழலாமா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு நின்றார்கள்.

வளர்மதி உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை. என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருக்கலாம்.

"வாங்க. வெயில்ல வந்துருக்கீக" என்று தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு வாங்கினாள். பேப்பரைக் கிழிக்காமல் பிரித்தாள். துணியைத் தூக்கி முகத்தை அதில் புதைத்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சோப்பு மணக்குது" என்றாள்.

"துவைச்சிட்டோம்க்கா. யாருதுன்னு தெரியாம…"

"பரவால்ல."

"குடு தாயி" என்றார் மாமனார். "பொழுது ஏறுது."

அவள் கொடுக்கவில்லை. மடியில் விரித்துத் தடவினாள். தோள், பை, பட்டன், தொடை. முழங்காலுக்கு வந்ததும் விரல் நின்றது. நரம்பை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"இது யாரு தச்சது?"

"அவரேதான்க்கா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். சத்தமாக, நன்றாகவே சிரித்தாள். "அவுகளா? நல்லாச் சொன்னீக போங்க. பொத்தான் அந்து விழுந்தா, பொத்தானை என் கையில குடுத்துட்டுச் சட்டையைக்கூடக் கழட்டாம என் முன்னாடி வந்து நிப்பாக. ஊசியில நூல் கோக்கத் தெரியாது அவுகளுக்கு."

"அங்க போய்ப் பழகிட்டாராம்க்கா. ரூம்ல எல்லாருக்கும் அவர்தான் தச்சுக் குடுப்பாராம். உங்க மூத்தவரு கண்ணால பார்த்திருக்காரு."

"வாராவாரம் போன்ல பேசுவாக. சோறு என்ன, வெயில் எப்படி, பக்கத்துக் கட்டில்காரன் கொறட்டை விடுறது வரைக்கும் சொல்லுவாக. தைக்கிறேன்னு ஒருநாளும் சொன்னதில்லையே?"

தைக்கிறேன் என்று மனைவியிடம் சொல்ல அந்த மனிதருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். சொல்ல நினைப்பதற்குள் கார்டில் காசு தீர்ந்திருக்கலாம். நாங்கள் அங்கே போய் என்னவாக ஆனோம் என்பதை யார்தான் போனில் முழுசாகச் சொல்கிறோம்? தலைவலி என்றால்கூட நான் அம்மாவிடம் சொல்வதில்லை.

"வளரு" என்றார் மாமனார். "முருகேசன் பொய் சொல்லுவானா தாயி?"

"மூத்தவரைக் குத்தம் சொல்லல மாமா. இத முடிச்சிரணும்னு நெனக்கிறாக, பாவம், அவுகளும் எத்தன நாளைக்கு அலைவாக? ஆனா கம்பெனிக்காரன் என்ன எழுதியிருக்கான்? ஓடிப்போயிட்டாகன்னுதான? அம்புட்டுப் பெரிய கம்பெனி, பொய்யா எழுதுவான்?"

வைக்கோல் உருவத்தின் மேல் ஒரு கோழி ஏறப் பார்த்தது, ஒருவர் விரட்டினார்.

வளர்மதி கவராலை மடித்தாள். ஹருகா மடித்த அதே மடிப்பில், கையைக் கையோடு வைத்து, காலைக் காலோடு வைத்து, முழங்கால் தையல் கசங்காமல் மேலே வருகிற மாதிரி மடித்தாள். பேப்பரைச் சுற்றினாள். எழுந்து வந்து என் மடியில் வைத்தாள்.

"நல்லாத் தைக்கத் தெரிஞ்ச யாரோ ஒருத்தரோட துணி இது. தெரியாம மாத்திக் கொண்டாந்துட்டீக. உங்க மேல தப்பில்ல."

என் கையைப் பிடித்துப் பொட்டலத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

"பத்திரமாக் கொண்டுபோய்க் குடுத்துருங்க தங்கச்சி. இதக் கேட்டுக்கிட்டு எவளோ ஒருத்தி அவ வீட்டுல கெடப்பா."